பின்சீட்டின் அடியில் குளம்: பழைய காடியில் ஒழுகலைத் தேடிய அனுபவங்கள்

ஆயர் ஈத்தாமிலிருந்து

அப்பாவின் காடி (கார்) 1996ஆம் ஆண்டு செடான், கூரையில் திறந்து மூடும் கண்ணாடி, அதாவது சன்ரூஃப், வைத்தது. அப்பா போன பிறகு அதை நான்தான் ஓட்டுகிறேன். போன செப்டம்பரில் கதவைத் திறந்தாலே ஈரச் சாக்கு நாற்றம் வர ஆரம்பித்தது. செப்டம்பர், அக்டோபரில் பினாங்கு மழை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஈரக்குடையை உள்ளே போட்டதால்தான் நாற்றம் என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் பின்னால் இடப்பக்கம் கால் வைக்கும் இடத்தில் வைத்த மளிகைப் பையை எடுத்தால் அடிப்பக்கம் முழுக்க நனைந்திருந்தது. கம்பளத்தைக் கையால் அமுக்கினேன், விரலிடுக்கில் தண்ணீர் ஏறியது.

முதலில் போன பட்டறையில், பின் கண்ணாடி ரப்பர் போய்விட்டது என்று சுற்றிலும் சிலிக்கான் பூசி 150 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார்கள். ஒரு வாரத்தில் மறுபடியும் குளம். இன்னொரு பட்டறையில் கதவு ரப்பர் என்றார்கள், 220 வெள்ளி. அந்த ரப்பர் உண்மையிலேயே தேய்ந்துதான் இருந்தது, மாற்றியதில் வருத்தமில்லை. ஆனால் அடுத்த மழைக்கும் அதே கதை. இரண்டு இடத்திலும் ஒருவர்கூட ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சித்தி, "வித்துட்டு வேற ஒண்ணு எடும்மா" என்றார். தைப்பூசத்துக்கு எங்கள் எல்லோரையும் அடைத்துக்கொண்டு தண்ணீர்மலைக்குப் போன காடி அது. மனசு வரவில்லை.

எங்கள் அடுக்குமாடியில் ஒரு சீன அங்கிள் இருக்கிறார், தகடு தட்டிச் சாயமடிக்கும் பட்டறையில் வெகுகாலம் வேலை பார்த்தவர். நான் கம்பளத்தைப் பிழிவதைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். மலாயில் அவர் சொன்ன முதல் விஷயம், நனைந்த இடத்தைப் பார்க்காதே என்பது. தண்ணீர் கூரையில் நுழைந்து, தகட்டின் உள்பக்கமாக வழிந்து, எங்கே பள்ளமோ அங்கே வந்து தேங்கும். நுழைந்த இடம் வேறு, தேங்கிய இடம் வேறு. அதனால் முதலில் எல்லாவற்றையும் கழற்றிக் காயவை, அப்புறம் தேடலாம் என்றார்.

பின்சீட்டின் முன் விளிம்பைத் தூக்கினால் கொக்கி விட்டுக் கையோடு வந்துவிட்டது. கதவோரப் பிளாஸ்டிக்கையும் கம்பளத்தையும் எடுத்தோம். மேலே தொட்டால் கம்பளம் ஓரளவு காய்ந்த மாதிரிதான் இருந்தது. அதன் அடியில் இருந்த பஞ்சு மெத்தையைப் பிழிந்தேன், பாதி வாளித் தண்ணீர் வந்தது. மேலே விசிறி வைத்துக் காயவைக்கிறவர்களுக்கு நாற்றம் போகாததற்கு இதுதான் காரணம். நான்கு நாள் மாடிக் கைப்பிடிச் சுவரில் போட்டுக் காயவைத்தேன். கம்பளத்துக்கு அடியில் ஓடும் வயர் இணைப்பு ஒன்றில் பச்சை பூத்திருந்தது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அதையும் சுத்தம் செய்தேன்.

சனிக்கிழமை ஜெலுத்தோங்கில் அண்ணன் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோனோம். உள்ளே வெறும் தகடு முழுக்க முகப் பவுடர் தூவினேன். தண்ணீர் ஒரு சொட்டு ஓடினாலும் பவுடரில் கோடு விழும். நான் உள்ளே டார்ச்சோடு, அண்ணன் வெளியே ரப்பர் குழாயோடு. குழாயின் வாயை அழுத்திப் பீய்ச்சக் கூடாது, மழை மாதிரி வழியவிட வேண்டும். கீழேயிருந்துதான் தொடங்க வேண்டும் என்றார் அங்கிள். மேலேயிருந்து ஊற்றினால் எல்லா இடமும் நனையும், எது உள்ளே விட்டது என்று சொல்ல முடியாது. கதவின் அடி ஐந்து நிமிடம், கதவுக் கண்ணாடி ஐந்து நிமிடம், பின் விளக்கு, பின் கண்ணாடி, கடைசியாகக் கூரை. ஒரு கோடுகூட விழவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அங்கிளுக்கு போன் போட்டேன். அவர் ஒன்றுதான் கேட்டார்: "வீட்டில் எப்படி நிறுத்துவாய்?"

எங்கள் அடுக்குமாடி மலைச்சரிவில் இருக்கிறது. காடியின் முகப்பு மேட்டைப் பார்த்தபடி, இடப்பக்கச் சக்கரங்கள் கால்வாய் ஓரமாகத் தாழ்ந்துதான் தினமும் நிறுத்துகிறேன். அண்ணன் வீட்டு வாசலோ சமதளம்.

சாயங்காலமே வீட்டுக்கு ஓட்டி வந்து வழக்கமான இடத்தில் நிறுத்தினோம். சன்ரூஃபைத் திறந்து ஓரத்து வாய்க்காலில் ஒரு குவளைத் தண்ணீரை மெதுவாக ஊற்றினேன். அது பின்னால் ஓடிப் போனது. சத்தமே இல்லை. இரண்டாவது குவளைக்கு, பின்கதவுக்குப் பின்னால் இருக்கும் தூணின் உள்பக்கம் பவுடரில் மெல்லிய கோடு இறங்கியது. சீட்டுக்கு அடியில் போய், அங்கிருந்து கால் வைக்கும் இடத்துக்கு வந்து நின்றது.

சன்ரூஃபின் ரப்பர் தண்ணீரை முழுக்கத் தடுக்கும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். அப்படி இல்லை. கொஞ்சம் தண்ணீர் அதைத் தாண்டி வரத்தான் செய்யும். அதை வாங்கிக்கொள்ளக் கண்ணாடியைச் சுற்றி ஒரு தகட்டு வாய்க்கால் இருக்கிறது. அதன் நான்கு மூலையிலிருந்தும் மெல்லிய குழாய்கள் தூண்களுக்குள் இறங்கி, காடிக்கு வெளியே போய் முடிகின்றன. என் காடியில் பின் இடது குழாய் அடைத்திருந்தது. சமதளத்தில் மற்ற குழாய்கள் வேலையைப் பார்த்துக்கொண்டன. சரிவில் எல்லாத் தண்ணீரும் அடைபட்ட மூலைக்கே போய், வாய்க்கால் நிரம்பி உள்ளே வழிந்திருக்கிறது.

முன்பக்க ஓட்டைகள் சன்ரூஃபைத் திறந்தாலே தெரியும். பின்பக்கத்தவை கூரைத்துணிக்குள் மறைந்திருக்கும். அதனால் பூட் (டிக்கி) உள்பக்கத் துணியை விலக்கி, குழாயின் கீழ் வாயைக் கண்டுபிடித்து, புல்வெட்டும் இயந்திரத்தில் போடும் நைலான் கயிற்றைக் கீழிருந்து மேலே நுழைத்தேன். கறுப்புச் சேறும் மக்கிய இலையும் கையில் வந்து விழுந்தன. கம்ப்ரசர் காற்றை வைத்து ஊதிவிடலாம் என்றான் அண்ணன். அங்கிள் விடவில்லை. பழைய குழாய் உள்ளே இணைப்பிலிருந்து கழன்றால் கூரையையே இறக்க வேண்டும்.

பட்டர்வொர்த்திலிருந்து

அக்கா, நீங்கள் எழுதியதைப் படித்தேன். எனக்கு நனைந்தது முன்னால், ஓட்டுநர் பக்கம். நானும் கதவு ரப்பரைத்தான் மாற்றினேன், பயன் இல்லை. காரணம் கதவுக்குள்ளேயே இருந்தது.

கதவுக் கண்ணாடியை ஒட்டித் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது வழக்கம்தான். அது அடியில் உள்ள ஓட்டைகள் வழியாக வெளியே போய்விடும். உள்பக்க அட்டைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும், அதுதான் தண்ணீர் நம் பக்கம் வராமல் காப்பது. ஆறு மாதம் முன்பு பவர் விண்டோ மோட்டாரை மாற்றியவர்கள் அந்தத் தாளைக் கிழித்துவிட்டு, சாதாரண டேப் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். வெயிலில் டேப் உரிந்துவிட்டது. கனமான பிளாஸ்டிக் தாளைப் பழையதன் அளவுக்கே வெட்டி, பியூட்டைல் டேப்பால் (பிசின் மாதிரி ஒட்டும் ரப்பர் டேப்) நானே ஒட்டினேன். தாளின் அடி விளிம்பைக் கதவுக்கு உள்ளே தள்ளிவிட வேண்டும், அக்கா. வெளியே தொங்கவிட்டால் வழிகிற தண்ணீர் நேராகக் கம்பளத்துக்குத்தான் வரும். முதல் தடவை நான் அப்படித்தான் ஒட்டி, மறுபடி கழற்றினேன். கதவின் அடி ஓட்டைகளையும் ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள்.

பிறையிலிருந்து

தங்கச்சி, எல்லாமே மழைத்தண்ணீர் இல்லை. எனக்கு வெயில் கொளுத்துகிற நாளில்தான் முன்னால் இடப்பக்கம் நனைந்தது. நிறமில்லை, வாசமில்லை, பிசுபிசுப்பும் இல்லை. ஏர்கோன் (ஏசி) ஓடும்போது காடிக்கு அடியில் சொட்ட வேண்டிய தண்ணீர் சொட்டவே இல்லை என்பதை மனைவிதான் கவனித்தார். வடிகுழாயில் தூசி அடைத்திருந்தது. மெல்லிய கம்பியால் கொஞ்சம்போலக் குத்தியதும் ஒரு லிட்டர் இருக்கும், தரையில் கொட்டியது. கம்பியை ஆழமாக விட்டுவிடாதீர்கள், உள்ளே இருக்கும் கூலிங் காயில் ஓட்டையானால் செலவு பெரிசு.

ஆயர் ஈத்தாமிலிருந்து

பட்டர்வொர்த் தம்பிக்கும் பிறை அண்ணனுக்கும் நன்றி. தம்பி சொன்னதைப் படித்துவிட்டு நான்கு கதவையும் திறந்து பார்த்தேன், தாள் நன்றாகத்தான் இருக்கிறது. ஏர்கோன் தண்ணீரும் ஒழுங்காகச் சொட்டுகிறது. குழாயைச் சுத்தம் செய்து ஐந்து வாரம் ஆகிறது. நடுவில் மூன்று பெரிய மழை, அதே சரிவில்தான் நிறுத்தினேன், தகடு காய்ந்தே இருக்கிறது. பஞ்சு மெத்தையிலிருந்து நாற்றம் போகவே இல்லை, அதை மட்டும் பெருநிலத்தில் ஒரு ஹாஃப்-கட் கடையில் (பழைய காடிகளின் பாகங்களை விற்கும் கடை) வேறு வாங்கிப் போட்டேன்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன். அந்த 150 வெள்ளி சிலிக்கானைச் சுரண்டி எடுத்தபோது அடியில் மூன்று இடத்தில் துரு. பூசிய அன்று காடி முழுக்க வினிகர் மாதிரி புளித்த வாசம் அடித்தது. அந்த வகை சிலிக்கான் காயும்போது அமிலம் விடும், இரும்பை அரிக்கும் என்றார் அங்கிள். உரசி, பிரைமர் அடித்து, சாயம் தொட்டிருக்கிறேன். கண்ணாடியின் கீழ் விளிம்பு மட்டும் பாக்கி. அதற்குக் கண்ணாடியையே கழற்ற வேண்டுமாம். பள்ளி விடுமுறையில் என் அண்ணனும் வந்தால் அங்கிளோடு சேர்ந்து செய்வதாக இருக்கிறோம்.