சாப்பிட்டதும் பச்சையாக வாந்தி, ரத்தக்குழாய் குடலை அழுத்துகிறதாம்: ஆபரேஷன் இல்லாமல் சரியாகுமா?

மழைத்துளி:

வணக்கம். தங்கைக்காகக் கேட்கிறேன், கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அவளுக்கு 19 வயது. நான்கு மாதம் முன்னால் ஒரு காய்ச்சல் வந்து மூன்று வாரம் படுத்த படுக்கையாகக் கிடந்தாள். 51 கிலோ இருந்தவள் 44க்கு வந்துவிட்டாள். காய்ச்சல் போய்விட்டது, ஆனால் அதன் பிறகு சாப்பாடு இறங்கவே மாட்டேன் என்கிறது. நாலு வாய் உள்ளே போனதும் வயிறு கல் மாதிரி ஆகிவிடுகிறது, அரை மணி நேரத்தில் மேல்வயிற்றைப் பிடித்துத் திருகுகிற வலி, அப்புறம் பச்சையும் மஞ்சளுமாக வாந்தி. வாந்தி வந்தால்தான் வலி அடங்குகிறது. இப்போது 40 கிலோ. உயரம் 163 செ.மீ.

முதலில் எண்டோஸ்கோபி பார்த்து லேசான இரைப்பை அழற்சி என்று அமில மாத்திரை கொடுத்தார்கள். பலன் இல்லை. அடுத்து பார்த்தவர், இது மனசு சம்பந்தப்பட்டது, ஒல்லியாக இருக்க ஆசைப்பட்டு வாந்தி எடுக்கிறாள் போல என்றார். வீட்டில் எல்லோரும் அதை நம்பிவிட்டோம். நானும் ஒரு நாள் தட்டை வைத்துக்கொண்டு அவள் முன்னால் கத்தினேன். அன்றைக்கு அவள் ஒன்றும் பேசாமல் குப்புறப் படுத்துக்கொண்டாள். குப்புறப் படுத்தால்தான் அவளுக்கு வலி குறைகிறது என்பது இப்போதுதான் எனக்குத் தெரிகிறது.

போன வாரம் மூன்றாவதாகப் பார்த்த மருத்துவர் சிடி ஆஞ்சியோ, அதாவது ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன், எடுக்கச் சொன்னார். அறிக்கையில் இப்படி இருக்கிறது: பெருந்தமனிக்கும் மேல் மெசென்டெரிக் தமனிக்கும் இடையே கோணம் 16 டிகிரி, இடைவெளி 5 மி.மீ., இரைப்பையும் முன்சிறுகுடலின் (இரைப்பையை அடுத்து வரும் குடல்) முதல் இரண்டு பகுதிகளும் விரிந்திருக்கின்றன, மூன்றாம் பகுதியில் அழுத்தம். கடைசி வரியில் இடது சிறுநீரகச் சிரையும் லேசாக அழுந்தியிருக்கிறது என்று போட்டிருக்கிறார்கள். எஸ்.எம்.ஏ. சிண்ட்ரோம், அதாவது அந்த மேல் மெசென்டெரிக் தமனி குடலை அழுத்துவது, என்றார் மருத்துவர். முதலில் குழாய் வழியாக உணவு கொடுத்து எடையை ஏற்றிப் பார்க்கலாம், முடியாவிட்டால் ஆபரேஷன் என்கிறார்.

சாப்பிடவே முடியாதவளுக்கு எடை எப்படி ஏறும்? சித்தப்பா, தமனியில் பிரச்சினை என்றால் ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை வேண்டாமா என்கிறார். அந்தப் பெயரைத் தேடினால் குடல் அழுகுவது, உயிருக்கு ஆபத்து என்று என்னென்னவோ வருகிறது. இதைக் கடந்து வந்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

எக்ஸ்ரே அறை:

ஸ்கேன் பிரிவில் பல வருடமாக வேலை பார்க்கிறேன், மருத்துவர் இல்லை. அதனால் படத்தில் என்ன இருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் அந்தத் தேடல் பயத்தை விடுங்கள். நீங்கள் படித்தது அதே தமனிக்குள் ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்வதைப் பற்றி. அது முற்றிலும் வேறு நோய், அதில்தான் குடலுக்கு ரத்தம் போகாமல் ஆபத்தாகிறது. வயதானவர்களுக்கு இதே தமனி கொழுப்புப் படிந்து மெல்ல மெல்லச் சுருங்குவதும் உண்டு, அவர்களுக்கும் சாப்பிட்டதும் வலி வரும், அதனால் இன்னும் குழம்பிவிடும். உங்கள் தங்கைக்குத் தமனியில் ஒரு கோளாறும் இல்லை, ரத்தம் நன்றாகவே ஓடுகிறது. அந்தக் குழாயின் கீழே மாட்டிக்கொண்டு நசுங்குவது குடல். ஆகவே சித்தப்பா சொல்கிற மாத்திரைக்கு இதில் வேலை இல்லை.

பெருந்தமனி முதுகெலும்பை ஒட்டி நேராகக் கீழே இறங்குகிறது. அதன் முன்பக்கத்திலிருந்து மேல் மெசென்டெரிக் தமனி கிளைத்து ஒரு சாய்வாகக் கீழ்நோக்கி வருகிறது. இரண்டுக்கும் நடுவே, மூன்றாவது இடுப்பு முள்ளெலும்பு மட்டத்தில், முன்சிறுகுடலின் மூன்றாம் பகுதி குறுக்கே கடந்து போகிறது. அந்த இடுக்கில் ஒரு கொழுப்புத் திண்டு இருந்து தமனியை முன்னால் தள்ளிப் பிடித்திருக்கும். சாதாரணமாகக் கோணம் 38 முதல் 65 டிகிரி வரை, இடைவெளி 10 முதல் 28 மி.மீ. வரை இருக்கும். உடம்பு வேகமாக இளைக்கும்போது அந்தத் திண்டு கரைந்துவிட, தமனி பின்னால் சாய்ந்து குடலைப் பெருந்தமனியோடு சேர்த்து இறுக்கிவிடுகிறது. பித்தம் வந்து சேரும் இடத்தைத் தாண்டி அடைப்பு இருப்பதால்தான் வாந்தி பச்சையாக வருகிறது.

ஒன்று மட்டும் அழுத்திச் சொல்வேன். கோணம் குறைவு என்பதை மட்டும் வைத்து இந்த நோய் என்று முடிவு கட்டக் கூடாது. இயல்பாகவே ஒல்லியான எத்தனையோ பேருக்கு 20 டிகிரிக்குக் கீழே பார்த்திருக்கிறேன், வேறு எதற்கோ ஸ்கேன் எடுக்க வந்தவர்கள், வயிற்றில் ஒரு தொந்தரவும் இல்லாதவர்கள். அடைப்புக்கு முன்னால் குடல் விரிந்திருக்க வேண்டும், அதற்கேற்ற தொந்தரவும் இருக்க வேண்டும். உங்கள் தங்கைக்கு இரண்டும் இருக்கிறது. இன்னும் சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரேயில் தெரியும் பேரியம் என்ற திரவத்தைக் குடிக்க வைத்துப் படம் எடுப்பார்கள்: மல்லாந்து படுத்தால் பேரியம் அந்த இடத்தில் கத்தியால் வெட்டின மாதிரி நின்று, முன்னும் பின்னும் அலையும், குப்புறவோ இடப்பக்கமோ திருப்பினால் சட்டென்று கடந்துவிடும். அவள் குப்புறப் படுத்துக்கொண்டாள் என்று எழுதியிருந்தீர்களே, அவள் உடம்பு அதைத் தானாகவே கண்டுபிடித்திருக்கிறது.

கடைசி வரி: இடது சிறுநீரகச் சிரையும் அதே இடுக்கு வழியாகத்தான் போகிறது, அதனால் இரண்டும் சேர்ந்து அழுந்துவது உண்டு. சிரை அழுந்தி அதனால் தொந்தரவும் இருந்தால் அதற்கு நட்கிராக்கர் சிண்ட்ரோம் என்று பெயர். சிறுநீரில் ரத்தம், இடது விலாவுக்குக் கீழே வலி, பெண்களுக்கு அடிவயிற்றில் கனம் இருந்தால் சொல்ல வேண்டும். ஒரு சிறுநீர்ப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒன்றும் இல்லையென்றால் அந்த வரியை இப்போதைக்கு விட்டுவிடலாம், எடை ஏறினால் அதுவும் விலகக்கூடும்.

நிமிர்ந்த முதுகு:

எனக்கு இது வந்தது 16 வயதில், முதுகெலும்பு வளைவுக்கு அறுவை சிகிச்சை செய்த ஒன்பதாம் நாள். வளைந்த முதுகை நிமிர்த்தினால் உடம்பு ஒரேயடியாக நீளுகிறது இல்லையா, அதில் அந்தத் தமனி இழுபட்டுக் கோணம் குறைந்துவிடுமாம். முன்னே எல்லாம் முதுகுக்கு மாவுக்கட்டுப் போட்டவர்களுக்கு இது வந்ததால் கட்டு சிண்ட்ரோம் என்றே அழைத்திருக்கிறார்கள்.

சாப்பிடாமல் எடை எப்படி ஏறும் என்று கேட்டீர்கள், நானும் அழுதுகொண்டே அதைத்தான் கேட்டேன். முதலில் மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு குழாய் போட்டுத் தேங்கினதை எல்லாம் வெளியே எடுத்தார்கள். அதுவே பாதி உயிரைத் திருப்பிக் கொடுத்தது. பிறகு எண்டோஸ்கோபி வைத்து இன்னொரு மெல்லிய குழாயை அழுந்திய இடத்தையும் தாண்டி அடுத்த குடலுக்குள் கொண்டுபோய் விட்டார்கள். உணவு இரைப்பைக்கே போகாது, அடைப்புக்கு அப்பால் நேராக இறங்கும். இதுதான் சூட்சுமம். அதனால் வாந்தி இல்லை, வலி இல்லை, பம்ப் சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே இருக்கும். ஆறு வாரத்தில் ஏழு கிலோ ஏறினேன். நாலாவது வாரத்திலிருந்தே வாய் வழியாக திரவ உணவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஆரம்பித்தோம். கத்தி வைக்கவில்லை, வருடம் பதினொன்று ஆகிறது, திரும்ப வரவில்லை.

வாய் வழியாக ஆரம்பிக்கும்போது ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை, ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. சாப்பிட்டதும் மல்லாந்து படுக்கவே கூடாது. இடப்பக்கம் ஒருக்களித்தோ, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்தோ இருந்தால் எனக்கு இறங்கிவிடும்.

அப்புறம், நீங்கள் கத்தியதைப் பற்றி. என் அம்மாவும் கத்தினார். நான் நடிக்கிறேன் என்று நினைத்தார். படத்தைப் பார்த்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு தெரியலைடா கண்ணா என்றார், எனக்கு அது போதுமாக இருந்தது. தங்கையிடம் நேராகச் சொல்லிவிடுங்கள்.

வடகாற்று:

எல்லோருக்கும் இப்படிச் சுலபமாக முடிவதில்லை என்பதால் இதை எழுதுகிறேன். என் மனைவிக்கு மூன்று வருடம் இழுத்தது. எடை ஏற்றுங்கள், எடை ஏற்றுங்கள் என்று ஒவ்வொரு முறையும் அனுப்பிவிட்டார்கள், இரண்டு கிலோ ஏறும், ஒரு மாதத்தில் மூன்று கிலோ இறங்கும். குழாய் உணவும் ஐந்து வாரம் கொடுத்தோம், எடுத்த கொஞ்ச நாளில் பழைய கதை.

கடைசியில் லேப்ராஸ்கோப்பி மூலம், அதாவது சிறு துளைகள் வழியாக, ஆபரேஷன். விரிந்திருக்கும் முன்சிறுகுடலை, அழுந்தும் இடத்துக்கு முன்பே, அடுத்த குடலோடு இணைத்துப் புது வழி போட்டுவிடுகிறார்கள். தமனியைத் தொடுவதே இல்லை. இரைப்பையையே நேராகக் குடலோடு இணைக்கிற முறையும் உண்டு, ஆனால் அதில் முன்சிறுகுடலில் தேக்கம் அப்படியே இருக்கும், பித்தம் மேலேறும் என்று எங்கள் மருத்துவர் அதை விரும்பவில்லை. குடலை மேலே தூக்கிப் பிடித்திருக்கும் ட்ரெய்ட்ஸ் தசைநாரை வெட்டிக் குடலைக் கீழே இறக்கிவிடுவது இன்னொரு முறை, குடலை வெட்டித் தைக்கிற வேலை இல்லை, ஆனால் எல்லோருக்கும் பலிப்பதில்லை.

இன்றைக்கு மனைவி சாப்பிடுகிறார், 38ல் இருந்தவர் 49 கிலோ. ஆனால் முழுக்கப் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் விரிந்து கிடந்த குடல் சோம்பலாகத்தான் வேலை செய்கிறது, கொஞ்சம் அதிகம் சாப்பிட்டால் உப்புசம். மூன்று வருடம் முன்பே செய்திருக்கலாமே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. நான்கு மாதம்தான் ஆகிறது என்பதால் உங்கள் மருத்துவர் சொல்கிற வரிசை சரி. ஆனால் எத்தனை வாரம் பார்ப்போம், எவ்வளவு ஏறாவிட்டால் அடுத்த கட்டம் என்பதை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பொன்வண்டு:

நான் மருத்துவமனையில் உணவியல் பிரிவில் இருக்கிறேன். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும், தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

40 கிலோ, 163 செ.மீ. என்றால் பி.எம்.ஐ. (உயரத்தோடு ஒப்பிட்ட எடைக் குறியீடு) 15தான். மாதக்கணக்கில் பட்டினியாகக் கிடந்த உடம்புக்கு அவசரப்பட்டு உணவை ஏற்றினால், ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் திடீரென்று சரிந்து இதயத் துடிப்பே தடுமாறலாம். ரீஃபீடிங் சிண்ட்ரோம் என்பார்கள். அதனால் உணவுக்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) கொடுத்து, முதல் நாட்களில் கிலோவுக்கு 10 கலோரி அளவில் தொடங்கி, தினமும் ரத்தம் பார்த்துப் பார்த்து சில நாட்களில் முழு அளவுக்குக் கொண்டுபோவார்கள். இவ்வளவு கொஞ்சமாகக் கொடுக்கிறார்களே என்று நீங்கள் சண்டை போட்டுவிடாதீர்கள், வீட்டில் வைத்து நீங்களாக எதையும் ஏற்றவும் வேண்டாம்.

மனசு என்று சொன்ன விஷயம். சாப்பாட்டை வெறுக்கும் நோய் இருப்பவர்களுக்கும் இளைத்துப்போய் இந்த அழுத்தம் வருவது உண்மைதான், இந்த அழுத்தத்தால் வலிக்குப் பயந்து சாப்பாட்டையே வெறுப்பவர்களும் உண்டு. ஒன்று இருந்தால் மற்றது இல்லை என்று ஆகாது. ஆகவே அவளிடம் மெதுவாக, குற்றம் சாட்டாமல், சாப்பிட ஆசை இருக்கிறதா என்று கேளுங்கள். ஆசை இருந்தும் முடியவில்லை என்றால் அவள் சொல்வதே பதில். இது புதிதாக யாரோ கிளப்பிவிட்ட நோயும் இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே ரோக்கிடான்ஸ்கி விவரித்திருக்கிறார், 1927ல் வில்கி என்ற அறுவை மருத்துவர் 75 நோயாளிகளைப் பற்றி எழுதினார், அதனால் வில்கி சிண்ட்ரோம் என்றும் சொல்வார்கள்.

கருங்குயில்:

இந்தப் பக்கத்துக்கு வேறு யாராவது தேடி வருவார்கள் என்பதற்காக ஒரு வார்த்தை. எனக்கும் சாப்பிட்டதும் வலி, எடை இறக்கம் எல்லாம் இருந்தது, ஆனால் பச்சை வாந்தி இல்லை, முன்சிறுகுடல் விரியவும் இல்லை. கடைசியில் தெரிந்தது, இந்த மேல் மெசென்டெரிக் தமனிக்குக் கொஞ்சம் மேலே இருக்கும் சீலியாக் தமனியை உதரவிதானத்தின் தசைநார் அழுத்துகிறது என்று. டன்பார் சிண்ட்ரோம். மூச்சை வெளியே விடும்போது அழுத்தம் கூடும், அதனால் மூச்சை விட்டு நிறுத்திப் படம் எடுக்கச் சொன்னார்கள். அது எடை ஏறினால் விலகுகிற சமாச்சாரம் இல்லை, தசைநாரை வெட்டி விடுவிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மழைத்துளி:

எல்லோருக்கும் நன்றி, எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. இரண்டு நாளைக்கு முன்னால் சேர்த்துவிட்டோம். இரைப்பையிலிருந்து மட்டும் ஒன்றரை லிட்டருக்கு மேல் எடுத்தார்கள். பொட்டாசியம் குறைவாக இருந்தது, அதைச் சரிசெய்த பிறகு நேற்று குடலுக்குள் குழாய் வைத்தார்கள். தயமின் ஊசி போட்டார்கள், பொன்வண்டு சொன்ன மாதிரியே அளவு ரொம்பக் கம்மியாகத்தான் ஆரம்பித்திருக்கிறார்கள், நான் சண்டை போடவில்லை. சிறுநீர்ப் பரிசோதனையில் ரத்தம் இல்லை. ஆறு வாரம் பார்ப்போம், மூன்று கிலோவாவது ஏறாவிட்டால் அறுவை மருத்துவரிடம் பேசுவோம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். சாப்பிட ஆசை இருக்கா என்றும் கேட்டேன். தினமும் கனவில் சாப்பிடுகிறேன் அக்கா என்றாள்.

ஒரு சின்ன சந்தேகம். ராத்திரி பம்ப் ஓடும்போது அவளுக்குக் குப்புறப் படுக்கத்தான் பிடிக்கிறது, குழாய் நகர்ந்துவிடுமோ என்று நான் தூங்காமல் உட்கார்ந்திருக்கிறேன். எப்படிப் படுக்க வைப்பது?

நிமிர்ந்த முதுகு:

பம்ப் ஓடும்போது தலைப்பக்கம் உயர்த்தியே இருக்கட்டும், குப்புற வேண்டாம், இடப்பக்கம் ஒருக்களித்து முதுகுக்கு ஒரு தலையணை அண்டக் கொடுங்கள். குழாயை மூக்கில் மட்டும் ஒட்டாமல் கன்னத்திலும் ஒட்டி, காதுக்குப் பின்னால் கொண்டுபோய்ச் சட்டையில் குத்திவிடச் சொல்லுங்கள். மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் குழாயில் ஒரு கோடு போட்டு வைத்தால் காலையில் நகர்ந்திருக்கிறதா என்று பார்த்துவிடலாம், நகர்ந்திருந்தால் பம்பை நிறுத்திவிட்டு நர்ஸைக் கூப்பிடுங்கள், நீங்களாகத் தள்ளாதீர்கள். ராத்திரி நர்ஸிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு நீங்களும் கொஞ்சம் தூங்குங்கள்.