மறு: ‘ஒத்தோர் ஆதரவு’ போதுமா?

> பியர் சப்போர்ட் என்பதற்கு ‘ஒத்தோர் ஆதரவு’ போதும். பியர் ரிவ்யூவுக்கு ‘ஒத்தோர் மதிப்பாய்வு’ ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே.

ஐயா,

மதிப்பாய்வுக்கு அது பொருந்தும். அங்கே ஒத்திருப்பது துறையறிவு, குழப்பமில்லை. நான் மொழிபெயர்ப்பதோ அமெரிக்காவில் போதைப் பழக்கத்திலிருந்து மீள்வோர் பற்றிய கட்டுரை. அப்படி மீண்ட ஒருவரே மற்றவர் மீளத் துணை நிற்பதுதான் அதில் பியர் சப்போர்ட். துணைக்கு வருபவரும் துணை பெறுபவரும் ஒரே இனத்தவராக இருந்தால் பலன் கூடுமா என்பது அதன் கேள்வி. ‘வேற்றினத்து ஒத்தோர்’ என்று எழுதிப் பார்த்தேன். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. எதில் ஒத்தவர் என்பதை இந்தச் சொல் விழுங்கிவிடுகிறது.

ஒத்திருப்பது பட்ட பாடு. 1935-ல் ஓஹியோ மாநிலத்து ஆக்ரனில் பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் சந்தித்ததிலிருந்து அவர்கள் தொடங்கிய, குடியை விட முயல்வோரின் குழுவான ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இதை நம்பித்தான் நடக்கிறது: குடித்து விழுந்து எழுந்தவர் சொன்னால் குடிப்பவர் காது கொடுப்பார். ஆனால் அந்தப் பாடு எல்லாருக்கும் ஒன்றா? 1940களில் கறுப்பின மக்கள் தங்களுக்கெனத் தனிக் குழுக்கள் தொடங்கினார்கள். 1988-ல் அமெரிக்கத் தொல்குடியான மோகிகன் இனத்தவர் டான் காய்ஹிஸ் ‘ஒயிட் பைசன்’ அமைப்பை நிறுவினார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் வகுத்த பன்னிரண்டு மீட்சிப் படிகளைத் தொல்குடி மரபுப்படி வட்டமாக அடுக்கிக் கற்பிக்கிறார்கள் அங்கே.

அதனால் என் பரிந்துரை ‘பட்டறிவுத் துணை’. இனம் ஒத்திருந்தால் ‘இன ஒப்புள்ள பட்டறிவுத் துணை’, இல்லையென்றால் ‘இன ஒப்பில்லாத’. கேள்வி தெளிவாகிவிடும்.

இன்னொரு வசதியும் உண்டு. 2007-ல், வருமானம் குறைந்தோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெயிட்டின் நிர்வாகம் இந்தச் சேவைக்கு மாநிலங்கள் பணம் தரலாம் என்று வழிகாட்டியது. துணை நிற்பது சம்பள வேலையாகவும் ஆனது. வேலை என்றால் குற்றப் பின்னணிச் சோதனை வரும். 1986-ம் ஆண்டுச் சட்டப்படி கட்டியாக்கிய கொக்கெய்னான கிராக்கை 5 கிராம் விற்றாலும் 500 கிராம் கொக்கெய்ன் தூள் விற்றாலும் ஒரே 5 ஆண்டுக் குறைந்தபட்சச் சிறை. கிராக் வழக்குகளில் சிக்கியவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பினத்தவர். 2010-ல்தான் அந்த 100:1 விகிதம் 18:1 ஆகக் குறைந்தது. அப்படிச் சிறை சென்று மீண்டவரிடம் பட்டறிவு நிறைய இருக்கும், வேலைதான் கிடைக்காது. ‘ஒத்தோர்’ என்று எழுதினால் இந்த முரண் வாசகர் கண்ணில் படாது.

அப்புறம், ரெக்கவரிக்கு ‘மீட்பு’ வேண்டாம். அது பிறர் மீட்பது. தானே மீள்வது ‘மீட்சி’.

---

அம்மா,

சரி, ‘ஒத்தோரை’ விட்டுவிடுகிறேன். ஆனால் அந்த ஆளை என்னவென்று அழைப்பது? ‘துணைவர்’ என்றால் கணவரா என்பார்கள்.

உங்கள் கட்டுரைத் தலைப்பிலும் ஒரு சிக்கல். ரேஸ், எத்னிசிட்டி இரண்டுக்கும் ‘இனம்’ என்றே போட்டிருக்கிறீர்கள். அமெரிக்க அரசுப் படிவங்களில் 1997 விதிப்படி இவை இரண்டு கேள்விகள், ஹிஸ்பானிக் (ஸ்பானிய மொழி மரபினர்) என்பது எத்னிசிட்டியில் வரும். 2024-ல் ஒரே கேள்வியாக்க விதியை மாற்றினார்கள். உங்கள் கட்டுரையின் தரவு பழையது என்றால் ‘இனம்’, ‘இனக்குழு’ என்று பிரித்தே ஆகவேண்டும்.

---

ஐயா,

தரவு பழையதுதான். பிரித்துவிடுகிறேன். ஆளுக்குத் ‘துணையாளர்’ என்று வைத்திருக்கிறேன். ‘பட்டறிவுத் துணையாளர்’ நீளம்தான், முதல் முறைக்குப் பிறகு ‘துணையாளர்’ என்று சுருக்கலாமா?