லண்டன் – நியூயார்க்: போக 8 மணி, வர 7 மணி ஏன்?

கேள்வி: தூரம் சுமார் 5,550 கி.மீ. மணிக்கு 900 கி.மீ. வேகம் என்றால் 6 மணி 10 நிமிடம்தானே வருகிறது? டிக்கெட்டில் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

பதில் 1: 900 என்பது காற்றுக்குள் விமானத்தின் வேகம், தரைமீது நகரும் வேகம் வேறு. அட்லாண்டிக் மேல் ஜெட் காற்று (வானில் மிக உயரத்தில் வேகமாக ஓடும் காற்றோட்டம்) மேற்கிலிருந்து கிழக்காக வீசும். எதிர்க்காற்று 120 கி.மீ. என்றால் 780 தான் மிஞ்சும்: 7 மணி 7 நிமிடம். திரும்பும்போது 1,020: சுமார் 5 மணி 26 நிமிடம். டிக்கெட் நேரம் கேட்டிலிருந்து (பயணிகள் ஏறும் வாயில்) கேட் வரை. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது, தாமதத்துக்கான கூடுதல் எல்லாம் அதில் அடக்கம்.

பதில் 2: புறப்பாடு, வருகை இரண்டுமே உள்ளூர் நேரம். காலை 11க்குக் கிளம்பி மதியம் 2க்கு இறங்கினால் 3 மணி இல்லை. இரு ஊர்களின் நேர வித்தியாசம் 5 மணியைக் கூட்டி 8 மணி நேரம். மார்ச்சில் கவனம் தேவை: கோடைக்காலத்துக்காக ஒரு மணி நேரம் முன்னே தள்ளும்படி அமெரிக்கா முன்னதாகவே கடிகாரத்தை மாற்றுவதால், பிரிட்டன் மாற்றும்வரை வித்தியாசம் 4 மணிதான். இணைப்பு விமானம் பிடிப்பவர்கள் இங்கேதான் தப்புக்கணக்குப் போடுகிறார்கள்.