தேக்குப் பலகை தரைக்கு கிளீட்டா, ஸ்டேப்ளர் பின்னா?

சத்துவாச்சாரி மாடிவீடு:
வணக்கம். மாடி ரூம் 12க்கு 14 அடி, தேக்குப் பலகைல தரை போடப்போறோம். முக்கா இன்ச் கனம், மூணரை இன்ச் அகலம், ஒரு பக்கம் நீட்டிக்கிட்டு இருக்கிற நாக்கு, இன்னொரு பக்கம் அது உக்காருற காடி. கீழ கான்கிரீட், அதுமேல 18 எம்எம் பிளைவுட் ஸ்க்ரூ போட்டு முடிச்சாச்சு. ஒரு ஆசாரி ஸ்டேப்ளர் பின் போதும்ங்கிறாரு, இன்னொருத்தர் கிளீட் ஆணி இல்லன்னா வேலைக்கே வரமாட்டேன்ங்கிறாரு. யார் சொல்றத கேக்குறது?

காட்பாடி ஆசாரி மகன்:
கிளீட் தான் சார், யோசிக்கவே வேணாம். நம்மூர் வெயில் தெரியும்ல, மே மாசம் 40 டிகிரி தாண்டுது, ஐப்பசி கார்த்திகைல மழை புடிச்சா மரம் ஈரம் குடிச்சு உப்புது, அப்ப பலகை வருஷம் பூரா அசைஞ்சுகிட்டேதான் இருக்கும். கிளீட் ஒத்தக் கால், பக்கத்துல பல் பல்லா இருக்கும், பலகை அசையும்போது கூடவே கொஞ்சம் வளைஞ்சு கொடுக்கும், ஆனா பிடி விடாது. பின்னுக்கு ரெண்டு கால், ரெண்டும் நாக்கோட ஒரே ரேகைல அரை இன்ச் தள்ளி இறங்குது, நாக்கு பொளக்காம என்ன செய்யும்?

ராணிப்பேட்டை தச்சுவேலை:
தம்பி, பின் மேல பழி போடாதீங்க. நாக்கு பொளக்குறது ஆணி அடிக்கிற கன்னுக்கு காத்து குடுக்குற கம்ப்ரஸர் பிரஷராலதான். எடுத்த எடுப்புல 100 பிஎஸ்ஐ வச்சு அடிச்சா கிளீட்டும் பொளக்கும். 75ல ஆரம்பிச்சு கழிவுப் பலகைல நாலு அடிச்சு பாத்து, தலை நாக்கோட சமமா உக்காருற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா ஏத்தணும். பின்னுக்கு 6லருந்து 8 இன்ச்சுக்கு ஒண்ணு, கிளீட்னா 8லருந்து 10, இத ஒழுங்கா அடிச்சா ரெண்டுமே நிக்கும்.

ஆற்காடு அக்கா:
நான் வேலை தெரிஞ்சவ இல்ல, அனுபவிச்சவ. எங்க ஹால்ல பின் அடிச்சு போட்டாங்க, மூணாவது கோடைல நடந்தா கிறீச் கிறீச்னு சத்தம், ராத்திரி தண்ணி குடிக்க எழுந்தா குழந்தை முழிச்சுக்குது. ஒரு பலகைய பிரிச்சு பாத்தோம், நாக்கு முழுக்க மயிரிழை மாதிரி விரிசல், ஒரு இடத்துல நாக்கே தனியா கையோட வந்துடுச்சு. இதுக்கப்புறம் பின்னு யாராவது சொன்னா எனக்கு மனசு ஒப்பாது.

காட்பாடி ஆசாரி மகன்:
அக்கா சொன்னத கேட்டீங்களா அண்ணே.

ராணிப்பேட்டை தச்சுவேலை:
கேட்டேன், வருத்தமாத்தான் இருக்கு. அக்கா, பலகை போடுறதுக்கு முன்னாடி ஈரம் பாத்தாங்களா? மூணு இன்ச்சும் அதுக்கு மேலயும் அகலமான பலகைன்னா பலகைக்கும் பிளைவுட்டுக்கும் ஈர வித்தியாசம் 2 சதவீதத்துக்கு மேல போகக்கூடாது, மீட்டர் வச்சு பாக்காம அடிச்சா எந்த ஆணியும் காப்பாத்தாது.

அத விடுங்க, முக்கியமான ஒண்ண ரெண்டு பேரும் கேக்கவே இல்ல. சத்துவாச்சாரி சார், அவங்க கொண்டுவந்த ஆணி நீளம் என்ன? ரெண்டு இன்ச்சுன்னா தொடவே விடாதீங்க. நாக்குல 45 டிகிரில இறங்குற ரெண்டு இன்ச் ஆணி செங்குத்தா சுமார் 36 எம்எம் போகும். நாக்குக்குக் கீழ பலகைல போற 10 எம்எம் கழிச்சா பிளைவுட்ல 26 எம்எம் வேணும், உங்க பிளைவுட் 18 தான். மிச்சம் கான்கிரீட்ல முட்டும், முனை மடங்கும், தலை மேல நிக்கும், அடுத்த பலகை காடி அதுல உக்காராது. ஒன்றரை இன்ச்னா பிளைவுட்ல 17 எம்எம் தான் இறங்கும், சரியா இருக்கும்.

காட்பாடி ஆசாரி மகன்:
இது நான் யோசிக்கல அண்ணே, ஒத்துக்கறேன். நாங்க எப்பவும் மர ரீப்பர் மேலதான் போடுவோம், அங்க ரெண்டு இன்ச் நல்லாவே பிடிக்கும். ஆனாலும் ஒன்றரை இன்ச்ல கிளீட்டே போடுங்க சார், கம்மி ஆழத்துல பல் பிடிதான் கைகொடுக்கும். சுவத்தோரம் 12 எம்எம் இடைவெளி விட மறக்காதீங்க, ஸ்கர்ட்டிங் மூடிடும்.

சத்துவாச்சாரி மாடிவீடு:
இப்பதான் டப்பாவ பாத்தேன், ரெண்டு ஆசாரியோடதும் ரெண்டு இன்ச் தான்! மிச்சமிருந்த துண்டுப் பலகைல கிளீட் ஒண்ணு அடிக்கச் சொன்னேன், டக்குனு கான்கிரீட் சத்தம், தலை நாக்குக்கு மேல மூணு எம்எம் நிக்குது. குறடால புடுங்கினா முனை மீன் தூண்டில் மாதிரி வளைஞ்சு வருது. நாளைக்கு ஒன்றரை இன்ச் கிளீட் வாங்கிட்டுத்தான் வேலை ஆரம்பிக்கணும்னு சொல்லிட்டேன். ராணிப்பேட்டை அண்ணே, ஈர மீட்டர் உங்ககிட்ட இருந்தா ஒரு நாளைக்கு தர முடியுமா?