வெள்ளி பிரிக்கும் புதிர்: பிள்ளைகளுக்கு எவ்வளவு சொல்லலாம்?

கன்னங்குறிச்சியான்:

வணக்கம். லுவான்டி என்ற கணினி விளையாட்டுக்கு ஒரு வேதியியல் மாட், அதாவது அதோடு சேர்த்துக்கொள்ளும் கூடுதல் பகுதி, எழுதிக்கொண்டிருக்கிறேன். 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்த அதே விளையாட்டுதான். வரைபடம் முழுக்க நம்ம சேலம். சேர்வராயன் மலைமேல் பாக்சைட், அடிவாரத்தில் மேக்னசைட், ஊருக்குள் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறை. ஏழாவது முதல் பத்தாவது வரை படிக்கிற எங்கள் தெருப் பிள்ளைகள் சாயங்காலம் வந்து விளையாடிப் பார்க்கிறார்கள்.

முதல் புதிர் நன்றாக ஓடுகிறது. சூளையில் 84 கிலோ மேக்னசைட் போட்டால் 40 கிலோ மக்னீசியாதான், அதாவது மக்னீசியம் ஆக்சைடுதான் மிஞ்சும். மீதி 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகப் போய்விடும். நான் எதுவும் சொல்வதில்லை. சூளைக்குப் பக்கத்தில் ஒரு தராசு மட்டும் வைத்திருக்கிறேன். "அண்ணா, பாதிக் கல்லைக் காணோம்" என்று கத்துகிறார்கள். அப்புறம் அவர்களே புகைபோக்கியில் குழாய் மாட்டி, வருகிற வாயுவைச் சுண்ணாம்பு நீரில் விட்டுப் பார்க்கிறார்கள். நீர் பால் போலாகும்போது அந்த முகங்களைப் பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இந்த மாட்டையே எழுதுகிறேன்.

சிக்கல் இரண்டாவது புதிரில். பழைய கொலுசிலிருந்து வெள்ளியைத் தனியாக எடுக்க வேண்டும். கொலுசில் செம்பு கலந்திருக்கும். நைட்ரிக் அமிலத்தில் இரண்டுமே கரைந்து நீலக் கரைசலாகிவிடும். அதில் உப்பைப் போட்டால் வெள்ளி குளோரைடு வெள்ளையாகப் படியும், செம்பு கரைசலிலேயே நிற்கும். வடிகட்டிக் கழுவி, நீர்த்த அமிலத்தில் துத்தநாகத் தூளோடு வைத்தால் வெள்ளி வந்துவிடும்.

அந்த உப்புதான் யாருக்கும் தோன்றுவதில்லை. குறிப்பு இல்லாவிட்டால் பெட்டியில் இருக்கிற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கொட்டிப் பார்க்கிறார்கள். குறிப்புப் புத்தகம் வைத்தேன். வரி வரியாகப் படித்துச் செய்து முடித்துவிட்டு அடுத்தது என்ன என்கிறார்கள். முடித்த ஒரு பையனிடம் "உப்பு எதுக்குப் போட்ட?" என்று கேட்டேன். "புக்ல இருந்துச்சு" என்றான். சரி, ஐந்து நிமிடத்துக்கு ஒரு குறிப்பு வருகிற மாதிரி மாற்றினேன். கையைக் கட்டிக்கொண்டு அடுத்த குறிப்புக்குக் காத்திருக்கிறார்கள்.

தானே கண்டுபிடித்தோம் என்ற சந்தோஷம் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும். ஒரு மணி நேரம் முட்டி மோதிவிட்டு வெறுத்துப் போய் எழுந்திருக்கவும் கூடாது. நீங்கள் எப்படிச் செய்வீர்கள்?

லூவாப் பித்தன்:

தம்பி, ஒரே வழியில் மட்டும் திறக்கிற புதிரில் குறிப்பு கொடுத்தாலும் தொல்லை, கொடுக்காவிட்டாலும் தொல்லை. 2011இல் வந்த ஸ்பேஸ்கெம் என்ற புதிர் விளையாட்டில் ரியாக்டருக்குள் இடம் அளவாகத்தான் இருக்கும். எனக்குத் தெரிந்தவர்கள் பலர் பாதியில் விட்டுவிட்டார்கள். அதே ஆட்கள் 2017இல் செய்த ஓபஸ் மேக்னமில் இட நெருக்கடியே கிடையாது. எப்படியோ ஒரு வழியில் முடித்துவிடலாம். முடித்த பிறகுதான் செலவு, நேரம், இடம் மூன்றையும் குறைக்கலாமே என்று நமக்கே ஆசை வரும். எவ்வளவு கஷ்டம் வேண்டும் என்பதை ஆடுகிறவனே முடிவு செய்துகொள்கிறான்.

உன் புதிருக்கும் இன்னொரு வழி இருக்கிறதே! நீலக் கரைசலில் செம்புத் தகட்டைத் தொங்கவிட்டாலும் வெள்ளி வந்து ஒட்டும். 63.5 கிராம் செம்பு கரைந்தால் 216 கிராம் வெள்ளி. தகட்டைப் போடுகிற பிள்ளைக்கு உன் மாட் என்ன பதில் சொல்கிறது? "தவறு" என்றால் உடனே திருத்து, அவன் செய்தது சரி. அப்படியே ஒரு மதிப்பெண் பலகையும் வை. எத்தனை சதவீதம் வெள்ளி மீட்டான் என்று காட்டு.

ஆத்தூர் டீச்சர்:

தம்பி, முதல் புதிரில் தராசு வைத்தீர்கள் பாருங்கள், அதுதான் நல்ல குறிப்பு. என்ன செய் என்று அது சொல்லவில்லை, என்ன நடந்தது என்று காட்டியது. வெள்ளிக்கும் அப்படி ஒன்று நம் ஊரிலேயே இருக்கிறது.

தெருவில் போர் குழாய் ஒன்று, காவிரிக் குழாய் ஒன்று, ஏற்காட்டில் மழைநீர்த் தொட்டி ஒன்று வையுங்கள். அமிலத்தைச் சேர்க்க எந்தத் தண்ணீரை எடுத்தாலும் விளையாட்டு ஏற்கட்டும். போர் தண்ணீர் எடுத்தவனுக்குக் கரைசல் நன்றாகக் கலங்கும், காவிரித் தண்ணீரில் லேசாக, மழைநீரில் கிட்டத்தட்டத் தெளிவாக. தண்ணீரில் இருக்கும் குளோரைடுதான் காரணம். குளோரைடைக் கண்டுபிடிக்க லேபில் வெள்ளி நைட்ரேட் சேர்த்துப் பார்க்கிறோமே, அதே வினைதான். போர் தண்ணீரில் அப்படி என்ன இருக்கிறது என்று அவன் ஒரு முறை கேட்டுவிட்டால் போதும். அடுத்த நிமிடம் சமையலறை உப்பை எடுப்பான், பாருங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் புதிர் வேண்டவே வேண்டாம். நைட்ரிக் அமிலத்தில் கொலுசு கரையும்போது வரும் பழுப்புப் புகை நச்சு என்பதையும், தண்ணீரில்தான் அமிலத்தைச் சேர்க்க வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது என்பதையும் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் நேராக எழுதிவிடுங்கள். உடம்பைக் காக்கிற விஷயத்தைப் பிள்ளை தட்டுத் தடுமாறிக் கற்கக் கூடாது. இது வீட்டில் செய்கிற வேலை இல்லை என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

பட்டறை வீடு:

எங்கப்பா பட்டறையில் வேலை செய்தவர். டீச்சர் சொல்வதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். உப்பு போட்டுப் படிந்ததும் வேலை முடிந்தது என்று அவர் நம்பவே மாட்டார். மேலே தெளிந்த தண்ணீரைக் கொஞ்சம் தனியாக எடுத்து, இன்னும் ஒரு சிட்டிகை உப்பு போடுவார். கலங்கினால் வெள்ளி இன்னும் பாக்கி. கலங்காத வரைக்கும் ஒரு சொட்டைக்கூடக் கீழே ஊற்ற விடமாட்டார்.

விளையாட்டிலும் "முடித்துவிட்டாய்" என்று திரையில் எழுத்து வர வேண்டாம். முடிந்ததா என்று பிள்ளையே சோதித்துப் பார்க்கட்டும்.

கன்னங்குறிச்சியான்:

மூன்று பேருக்கும் நன்றி. குறிப்புப் புத்தகத்தில் இனி பாதுகாப்புப் பக்கம் மட்டும் இருக்கும். மற்றதை எல்லாம் எடுத்துவிடுகிறேன். மூன்று தண்ணீரும் மூன்று தனி நோடுகள் (விளையாட்டின் கட்டைகள்), குளோரைடு அளவைப் பொறுத்துக் கரைசலின் நிறம் மாறும். மாட் எழுதுகிற லூவா நிரல் மொழியில் பெரிய வேலை இல்லை. ஒரு சிட்டிகை சோதனையும் வருகிறது. செம்புத் தகடு வழியும் உண்டு. உப்பைத் தவிர வேறு எதைக் கொட்டினாலும் "தவறு" என்று வராது, நிஜத்தில் என்ன ஆகுமோ அதுவே ஆகும். எழுத நாளாகும், ஆனாலும் செய்யத்தான் வேண்டும்.

லூவாப் பித்தன் அண்ணா, மதிப்பெண் பலகை மட்டும் வேண்டாம் என்று நினைக்கிறேன். இங்கே அண்ணன் தம்பிகளாக உட்கார்ந்து ஆடுகிறார்கள். எண்ணைக் காட்டினால் சின்னவன் எழுந்து போய்விடுவான். மீட்ட வெள்ளியைத் தராசில் வைத்துப் பார்த்தால் அவர்களுக்கே தெரியும்.

டீச்சர், ஒரு சந்தேகம். அடுத்த புதிரில் மக்னீசியாவை இரண்டு விதமாகச் சுடப் போகிறேன். 1000 டிகிரிக்குள் சுட்டது அமிலத்தில் சீக்கிரம் கரையும், 1500க்கு மேல் சுட்டது லேசில் வினைபுரியாது, உலைக்குள் பதிக்கும் செங்கல்லுக்கு ஆகும். இரண்டுமே வெள்ளைத் தூளாகத் தெரிந்தால் வித்தியாசத்தைப் பிள்ளை எப்படிக் கண்டுபிடிப்பான்?

ஆத்தூர் டீச்சர்:

இரண்டிலும் ஒரே எடை எடுத்து, ஒரே அளவு நீர்த்த அமிலத்தில் போடச் சொல்லாமல், பக்கத்தில் இரண்டு குடுவையும் ஒரு கடிகாரமும் வையுங்கள். சும்மா வைத்தால் போதும்.