ரிட்டர்ன் எடுக்க வந்த தம்பி வெறுங்கையோட போனா அவனுக்கு காசு உண்டா?

பெருமாள்புரம்_செல்வி:
நேத்து மத்தியானம் கொளுத்துற வெயில்ல ஒரு தம்பி சுடிதார் ரிட்டர்ன் எடுக்க வந்தான், நான் எப்பவும் ரெண்டு சைஸ் ஆர்டர் போட்டு பத்தாதத திருப்பி விட்டுருவேன், அதுல ஒண்ணு. வேர்வை துணியில பட்டுரக்கூடாதுன்னு கைய சட்டையில தொடச்சு தொடச்சு வாசப்படியிலயே விரிச்சு போட்டோ எடுக்கான். பாத்தா டேக்க நாந்தான் கத்தரிச்சு வச்சிருக்கேன், ஆப்ல ஏறல. "பரவால்லக்கா"ன்னு போய்ட்டான். ராத்திரி பூரா மனசு கேக்கல, தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பேட்டை_ரைடர்:
நான் ஓட்டுன எடத்துல பார்சல் கணக்குதான் அக்கா, எடுத்து ஹப்ல, அதான் பார்சல் எல்லாம் சேருற குடோன்ல, ஒப்படைச்சாதான் காசு. டேக் இல்ல, ஆள் இல்ல, ஓடிபி வரல, வேண்டாம் நானே வச்சுக்கிடுதேன்னு சொன்னாவ, எல்லாமே பூஜ்யம், பெட்ரோல் மட்டும் நம்ம காசு. அதவிட பெரிய பயம் எடுத்துட்டு வந்த பொறவுதான். கேடிசி நகர்ல மூணாவது மாடி, ஷூ ரிட்டர்ன், அவசரத்துல மேலோட்டமா பாத்துட்டு வாங்கிட்டேன், ஹப்ல பிரிச்சா ஒண்ணு 8, இன்னொண்ணு 9. 1,200 ரூபாய் எங்கிட்ட பிடிச்சுட்டாங்க. இப்ப யாரு வீடுன்னாலும் பிரிச்சு பாத்துதான் எடுப்பேன், சந்தேகப்படுதான்னு கோவிச்சுக்கிடுவாவ, என்ன செய்ய.

அம்பை_வாசி:
ரிட்டர்னே போடாதீங்கன்னு யாரும் ஆரம்பிச்சுராதீங்க, கிழிஞ்ச துணி வந்தா திருப்பத்தான் செய்யணும். ஈஸி ரிட்டர்ன்னு விளம்பரம் போட்டு விக்கிறது கம்பெனி, அப்போ வந்து நின்ன டிரிப்புக்கு கம்பெனிதான காசு குடுக்கணும்? தமிழ்நாட்டுல கிக் தொழிலாளருக்கு, அதான் இந்த தம்பி மாதிரி ஆப் வழியா வேலை பாக்குறவங்களுக்கு, நல வாரியம்னு 2023 ஆகஸ்ட் 15ல அறிவிச்சாங்க, 2025-26 பட்ஜெட்ல 2,000 பேருக்கு இ-ஸ்கூட்டர் வாங்க தலைக்கு 20,000 ரூபாய் மானியம்னு சொன்னாங்க, மத்திய சமூகப் பாதுகாப்பு சட்டமும் 2025 நவம்பர் 21ல இருந்து அமலுக்கு வந்துட்டு, கம்பெனிங்க வருஷ வருமானத்துல 1லருந்து 2 சதவீதம் கட்டணும். எல்லாம் நல்லதுதான், ஆனா அது இன்சூரன்ஸ், வயசான காலத்துக்குன்னு போற பணம். செல்வி அக்கா வாசல்ல நின்ன அந்த டிரிப்புக்கு அதுல வழி இல்லயே.
இன்னொண்ணு, டவுன் ரதவீதி கடைக்கு போனா நாமளே போட்டுப் பாத்து எடுப்போம். அந்த அலைச்சலத்தான் இப்ப இந்த பையன் தலையில கட்டுதோம். ரெண்டு சைஸ் போடுறத மட்டும் விடுங்க அக்கா.

பெருமாள்புரம்_செல்வி:
விட்டுட்டேன் தம்பி. நாளைக்கு ஒரு பெட்ஷீட் பிக்கப் இருக்கு, அது ஓரம் பிரிஞ்சே வந்துட்டு. கவர், டேக், பில்லு எல்லாம் திண்ணையில எடுத்து வச்சாச்சு, வேற என்ன செய்யணும்?

பேட்டை_ரைடர்:
பிக்கப்புக்கு வர்ற தம்பி கூப்பிட்டா போன எடுங்க அக்கா, அது போதும். முடிஞ்சா காலை ஸ்லாட்டுக்கு மாத்திருங்க.