பஃப்ல ஆர்.என்.ஏ தானே வரணும், டி.என்.ஏவே எப்படி கூடுது? யாராவது புரிய வைங்க

விலங்கியல்_வித்யா:
எம்.எஸ்சி ஜுவாலஜி படிக்கிறேன். பாலிட்டீன் குரோமோசோம் (டி.என்.ஏ இழை திரும்பத் திரும்ப காப்பி ஆகி, பிரியாம ஒட்டியே நிக்குற பெரிய குரோமோசோம்) பத்தி இவ்ளோ நாளா நான் புரிஞ்சு வச்சிருந்தது இதுதான்: பஃப்னா அந்த இடத்துல குரோமோசோம் உப்பும், ஜீன் ஆன் ஆகியிருக்குன்னு அர்த்தம், ஆர்.என்.ஏ தயாராகுது, வேலை முடிஞ்சா பஃப் அமுங்கிடும், அவ்ளோதான். இப்போ நோட்ஸ்ல சியாரா, ரின்கோசியாரான்னு ரெண்டு ஈ பேரைப் போட்டு அதுல "டி.என்.ஏ பஃப்" வரும், அந்த ஜீன் மட்டும் தனியா பல மடங்கு காப்பி ஆகும்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. ஒரு உடம்புல எல்லா செல்லுலயும் ஜீன் விகிதம் ஒண்ணுதான்னு தானே முதல் வருஷத்துல இருந்து சொல்லித் தர்றாங்க? அப்புறம் பாலிட்டீன்லயே ஆயிரக்கணக்கான இழை இருக்கே, அது பத்தாதா? டிரோசோபிலால (பழ ஈ) இது ஏன் இல்ல? மேம்கிட்ட கேட்டேன், எக்ஸாமுக்கு இவ்ளோ போதும்மான்னுட்டாங்க.

சும்மா_படிப்பவன்:
கேன்சர் செல்லு மருந்துக்கு டிமிக்கி குடுக்க ஒரு ஜீனை நிறைய காப்பி போட்டு வச்சுக்குமே, மெத்தோட்ரெக்சேட் கேஸ், அதே மேட்டர் தானே இது?

ஜெனிட்டிக்ஸ்_அக்கா:
@சும்மா_படிப்பவன் காப்பி கூடுறது மட்டும்தான் ஒண்ணு தம்பி. அங்க தற்செயலா சில செல்லுல நடக்குது, மருந்து மத்ததைக் கொன்னுடுது, அதனால அது மட்டும் மிஞ்சி பெருகுது. இங்க அப்படி இல்ல, ஒவ்வொரு லார்வாவுலயும் அதே வயசுல அதே சலைவரி கிளாண்டுல (உமிழ்நீர் சுரப்பி) அதே ஜீன், டைம்டேபிள் போட்ட மாதிரி நடக்கும்.

வித்யா, உங்க சந்தேகம் 1950கள்ல பெரிய ஆட்களுக்கே வந்ததுதான். ஒரு இனத்துல செல்லுக்கு செல் டி.என்.ஏ அளவு மாறாதுன்னு 1948ல இருந்தே நல்லா வேரூன்றி இருந்த கருத்து. பிரேசில்ல சாவோ பாலோ யுனிவர்சிட்டில குரோடோவால்டோ பவானும் மார்த்தா பிரூயரும் ரின்கோசியாரா லார்வாவை வயசு வாரியா எடுத்து குரோமோசோமைப் பார்த்துட்டே வந்தாங்க (மார்த்தா ஜெர்மனில பௌஹவுஸ்ல டிசைன் படிச்சவங்க, பயாலஜிஸ்டா வந்தவங்க இல்ல, எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் இது). இந்த லார்வா கும்பலா ஒண்ணா வளரும், ஒரு கூட்டத்துல எல்லாமே ஏறக்குறைய ஒரே ஸ்டேஜ்ல இருக்கும், அதனால நேத்து இப்படி இருந்த பேண்ட் (குரோமோசோம்ல குறுக்கா தெரியுற பட்டை) இன்னிக்கு எப்படி ஆச்சுன்னு தைரியமா ஒப்பிடலாம். கடைசி லார்வா ஸ்டேஜ் முடிவுல, கூட்டுப்புழு ஆகறதுக்கு முன்னாடி சில இடத்துல பெரிய பஃப் வந்துச்சு, அமுங்கின பிறகும் அந்த பேண்ட் முன்னை விட தடியா, டி.என்.ஏ ஸ்டெயின் அதிகமா பிடிச்சு நின்னுச்சு. ஆர்.என்.ஏ மட்டும்னா வந்த சுவடே இல்லாம போயிருக்கணும்ல? 1955ல பப்ளிஷ் பண்ணாங்க. நம்பாதவங்க நிறைய பேர். 1957ல ரட்கினும் கார்லெட்டும் யு.வி. வச்சு அளந்து அந்த பேண்ட்ல டி.என்.ஏ பக்கத்து பேண்டை விட விகிதத்துக்கு மேல கூடுதுன்னு காட்டினாங்க, அதே வருஷம் ஃபிக்கும் பவானும் ரேடியோ ஆக்டிவ் தைமிடின் குடுத்தப்போ பஃப்ல போய் அது நல்லா உக்காந்துச்சு. தைமிடின் டி.என்.ஏ தயாரிக்கத்தான் வேணும், ஆர்.என்.ஏவுக்கு வேண்டாம், அதோட வாதம் முடிஞ்சு போச்சு.

உப்பு_புளி_எக்டைசோன்:
அக்கா வரலாறு சொல்லிட்டாங்க, நான் மெக்கானிசம் சொல்றேன். சியாராவுல ரெண்டாவது குரோமோசோம்ல 9ஏன்னு ஒரு பஃப், இதுதான் அதிகமா ஆராய்ஞ்சது, பிரவுன் யுனிவர்சிட்டில சூசன் கெர்பி லேப் பல வருஷமா இதுலயே இருந்தாங்க. அங்க சுமார் 17 மடங்கு ஆகுது. ரின்கோசியாரால சி3 பஃப்பும் கிட்டத்தட்ட அதே ரேஞ்ச். ஜீனை வெட்டி வெளிய எடுத்து காப்பி போடுறது கிடையாது (தவளை முட்டை செல்லுல ரைபோசோம் ஜீன் அப்படித்தான் வெளிய வட்ட வட்டமா கிடக்கும், ரெண்டையும் குழப்பிக்காதீங்க). குரோமோசோம்ல இருக்குற இடத்துலயே, ஜீனுக்கு முன்னாடி ஒரு கிலோபேஸ் அளவு பகுதியில ஒரு ஆரிஜின் (டி.என்.ஏ காப்பி தொடங்குற இடம்) இருக்கு, அங்க ரெப்ளிகேஷன், அதாவது காப்பி போடுறது, முதல்ல தொடங்கி ரெண்டு பக்கமும் ஓடுது, அது ஓடிட்டு இருக்கும்போதே அதே ஆரிஜின் மறுபடி ஃபயர் ஆகுது, மறுபடி, மறுபடி. ஒண்ணுக்குள்ள ஒண்ணா குமிழி, அதனால வெங்காயத் தோல் மாடல்னு பேரு. விளைவா நடுவுல காப்பி அதிகம், ரெண்டு பக்கமும் தள்ளிப் போகப் போக குறையும். சாதாரண செல்லுல ஒரு எஸ் ஃபேஸ்ல (செல் டி.என்.ஏவைக் காப்பி போடுற கட்டம்) ஒரு ஆரிஜின் ஒரு தடவை தான் ஃபயர் ஆகணும்னு கறாரான ரூல் இருக்கு, இந்த ஒரு இடத்துக்கு மட்டும் அதுல விலக்கு.

விலக்கு குடுக்குறது யாருன்னா எக்டைசோன், தோலுரிக்க வைக்குற அதே ஹார்மோன். ஹெலன் க்ரவுஸ் 1968லயே சின்ன வயசு சியாரா லார்வாவுக்கு எக்டைசோன் ஊசி போட்டு டி.என்.ஏ பஃப்பை நேரத்துக்கு முன்னாடியே வரவழைச்சாங்க. பின்னாடி கெர்பி லேப்ல பார்த்தப்போ எக்டைசோன் ரிசெப்டர் ஒட்டுற இடம் ஆரிஜினுக்குப் பக்கத்துலயே இருந்துச்சு. ஹார்மோன் டிரான்ஸ்கிரிப்ஷனை (ஜீன்ல இருந்து ஆர்.என்.ஏ தயாராகுறது) ஆன் பண்ணும்னு எல்லாருக்கும் தெரியும், ரெப்ளிகேஷனையும் நேரா பிடிச்சு ஆட்டலாம்ங்கறது தான் இதுல உள்ள சுவாரஸ்யம், என்னைக் கேட்டா மடங்கு கணக்கை விட இதுதான் முக்கியம்.

விலங்கியல்_வித்யா:
செம்ம, ரொம்ப நன்றி ரெண்டு பேருக்கும். ஆனா "பத்தாதா"ங்கற கேள்வி அப்படியே நிக்குதே? பட்டுப்புழு கூட தான் டன் கணக்குல பட்டு விடுது, அதுல ஃபைப்ராயின் (பட்டு இழை புரதம்) ஜீனும் இப்படி ஆம்ப்ளிஃபை ஆகுமா?

ஜெனிட்டிக்ஸ்_அக்கா:
நல்ல கேள்வி, ஆகாது. பட்டு கிளாண்டும் ஒரு வகையில மாறின சலைவரி கிளாண்டு தான். 1972ல சுசூகி, கேஜ், டொனால்ட் பிரவுன் எண்ணிப் பார்த்தாங்க, ஒரு ஹாப்ளாய்டு ஜீனோமுக்கு (ஒரு செட் குரோமோசோமுக்கு) ஃபைப்ராயின் ஜீன் ஒண்ணுல இருந்து மூணுக்குள்ள தான், மத்த டிஷ்யூல எவ்ளோவோ அவ்ளோ தான் அங்கயும். அந்த பட்டு கிளாண்டு செல் மொத்த ஜீனோமையும் பல லட்சம் மடங்கு பெருக்கிக்குது, சிதையாம ரொம்ப நேரம் நிக்குற எம்.ஆர்.என்.ஏவை சேர்த்து வச்சுக்குது, அஞ்சாவது பருவத்துல நாள் கணக்கா டைமும் இருக்கு.

சியாராவுக்கு அந்த டைம் இல்ல, லார்வா வாழ்க்கையோட கடைசியில குறுகின நேரத்துல சுரப்பைக் கொட்டணும், அதுக்கப்புறம் அந்த கிளாண்டே அழிஞ்சிடும். அதனால டி.என்.ஏவைக் கன்னாபின்னான்னு பெருக்கினாலும் அடுத்த தலைமுறைக்கு ஒரு நஷ்டமும் இல்ல. டிரோசோபிலா சலைவரி கிளாண்டுல ஆயிரம் இழை அளவு பாலிட்டீனை வச்சே பசை புரதத்தை சமாளிச்சுடுது. ஆனா டிரோசோபிலாவுக்கு இந்த வித்தையே தெரியாதுன்னு எழுதிடாதீங்க, முட்டை ஓடு செய்யுற ஃபாலிகிள் செல்லுல கோரியான் ஜீன் 60 மடங்குக்குப் பக்கம் கூடும், 1980ல ஸ்ப்ராட்லிங், மஹோவால்ட் கண்டுபிடிச்சது. அதைத் தடுக்குற மியூட்டன்ட்ல ஓடு மெலிசாகி முட்டை வீணாப் போகுது, அப்போ பெருக்கம் அவசியம்னு அங்க நேரடி ஆதாரம் இருக்கு.

காளான்_குடில்:
நான் பயாலஜி இல்ல, காளான் போடுறவன். சியாரா சியாராங்கறீங்களே, பெட்ல மேயுற அந்த சின்ன கருப்பு ஈ தானே? அதைக் கொல்லத்தான் நான் வழி தேடிட்டு இருக்கேன், இங்க அதை வச்சு பிஎச்டியே பண்றீங்க.

உப்பு_புளி_எக்டைசோன்:
அதே குடும்பம் தான் அண்ணே, பிராடிசியா. பூந்தொட்டி ஈர மண்ணுலயும் வரும். @வித்யா ப்ராஜெக்ட்டுக்கு ஐடியா இருந்தா அண்ணன் கிட்ட கேளுங்க, இல்லனா ஈர மண்ணு மேல உருளைக்கிழங்கு வில்லையை வைங்க, லார்வா அடியில வந்து சேரும். தலைக்குப் பின்னாடி கருப்பா கண் புள்ளி தெரிய ஆரம்பிச்ச லார்வாவா பார்த்து எடுங்க, அதுக்கு முன்னாடி ஸ்குவாஷ் பண்ணா (கிளாண்டை ஸ்லைடுல நசுக்கிப் பார்த்தா) பஃப் கிடைக்காது. மீன் கடை ரத்தப்புழுவை வாங்கி ஏமாறாதீங்க, அது கைரோனோமஸ், அதுல இருக்குறது ஆர்.என்.ஏ பஃப், பால்பியானி வளையம்னு சொல்ற பெரிய பஃப், அது வேற கதை.